மஞ்சள் பெட்டிக்கு நின்ற அப்பா

பானையில் மஞ்சள் கொதிக்கும் வாசம் வீடெங்கும் பரவியிருந்தது. தேர்தலில் அப்பாவுக்கு மஞ்சள் நிறம் கிடைத்ததால், கொடிக்கு வாங்கிய வெள்ளைத் துணியை அம்மா அதில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். இலங்கையில் எழுத்தறியாதவர்களுக்கும் வாக்கு வந்த புதிது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. சிவப்பு, தோட்டத் துரைமார் நிறுத்திய வெள்ளைக்காரருக்கு. பச்சை, ஊரில் பாதி நிலம் வைத்திருந்த சிங்கள ‘வலவ்வை’க்காரருக்கு, அதாவது பெரிய மாளிகைக்காரருக்கு. மூன்றாமவர், ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் ‘டிஸ்பென்சர்’ வேலையை விட்டு, யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்த என் அப்பா. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்று பலரும் வற்புறுத்தியதால் நின்றவர்.

அன்று மாலை, தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த அம்மாவின் தம்பி வந்தார். உட்காரவில்லை.

“மச்சான், நீங்க வெலகலைன்னா எனக்குப் பத்துச்சீட்டு குடுத்து நிறுத்திருவேன்னு தொரை சொல்லிட்டாரு. வேல போனா வீடும் போயிரும். புள்ளைங்கள எங்க கூட்டிக்கிட்டுப் போவேன்?”

“காலையிலயே போய்ப் பேரை எடுத்துர்றேன்,” என்றார் அப்பா.

மறுநாள் கேகாலை அரசாங்கக் கச்சேரிக்குப் போனவர், சட்டை நனையத் திரும்பி வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விலகுவதற்கான நேரம் முடிந்துவிட்டதாம், கொடுத்த பேரை இனி எடுக்க முடியாதாம். அந்த வாரமே மாமா குடும்பம் தகரப்பெட்டிகளோடு கடைக்குப் பின்னால் நாங்கள் இருந்த இரண்டு அறைகளுக்கு வந்து சேர்ந்தது. மாமாவின் மனைவியான அத்தை அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். தோட்டத்துச் சனங்கள் மருந்துக்கு வரக்கூடாதென்று கங்காணிமார் சொல்லியிருந்தார்கள். வலவ்வைக்குப் பயந்து கடைவீதிக்காரர்களும் எட்டிப் பார்க்கவில்லை. நிற்கச் சொன்னவர்களே தெருவின் மறுபக்கமாக நடந்தார்கள். அந்த இரண்டு அறைகளுக்குள் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் பட நாங்கள் கிடந்தோம். குழந்தைகள் சிரித்தால்கூடப் பெரியவர்கள் அதட்டினார்கள்.

ஒருநாள் சோற்றைத் தொடாமல் எழுந்த அப்பாவிடம் அம்மா சொன்னார்: “வெலகவும் விடமாட்டேங்குறாங்க, பொழைக்கவும் விடமாட்டேங்குறாங்க. நிக்கிறதுதான் நிக்கிறீங்க, நல்லாவே நில்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்பா ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று பேசினார். பெண்களுக்குக் குறைத்துக் கொடுக்கும் கூலியைப் பற்றி, காய்ச்சலோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைப் பற்றி. பக்கத்தில் வந்து நிற்க ஒருவருக்கும் துணிவில்லை. ஆனால் கருவாட்டுக் கடையில் கூட்டம் நகரவே இல்லை. அப்பாவுக்கு முதுகைக் காட்டியபடி, எடுத்த கருவாட்டையே எடுத்து முகர்ந்துகொண்டு, அவர் முடிக்கும்வரை நின்றார்கள். அத்தையும் நின்றார். அன்றிரவு அவரே அப்பாவுக்குச் சோறு போட்டார்.

வாக்களிப்பு நாளில் சிவப்பு, பச்சை இரண்டு பக்க லாரிகளும் ஆட்களை ஏற்றிவந்து இறக்கின. அப்பா படுதோல்வி அடைந்தார். பச்சை வென்றது. தோட்டம் முழுவதும் சிவப்புக்கே போடும் என்று துரை நம்பியிருந்தார். மஞ்சள் பெட்டியில் விழுந்தது கொஞ்சந்தான், ஆனாலும் அது யார் யார் என்று கங்காணிமார் மாதக்கணக்கில் விசாரித்தும் ஒருவர் வாயும் திறக்கவில்லை. மாமா மருந்துக்கடையிலேயே தங்கிவிட்டார்.

அப்பா இப்போது இல்லை. நிறப்பெட்டிகளும் போய், சின்னங்கள் வந்துவிட்டன. போன தேர்தலில் எங்கள் கடைவீதியில் தினமும் கூட்டம். தோட்டத்துப் பாதையில் மட்டும் ஒரு லாரியும் ஏறவில்லை. சுதந்திரம் வந்த கையோடு குடியுரிமைச் சட்டம் அங்கிருந்த இந்திய வம்சாவளியினரின் வாக்கைப் பறித்துவிட்டது, மாமாவின் வாக்கையும் சேர்த்து. பத்திரங்கள் காட்ட முடிந்ததால் எனக்கு மட்டும் அது மிஞ்சியது. நான் வாக்களிக்கப் புறப்பட்டபோது, கடையைத் திறந்துகொண்டிருந்த மாமா, “போய்ட்டு வாம்மா, நான் இங்கயே இருக்கேன்,” என்றார்.