ஞாயிற்றுக்கிழமைப் பிழை

கொட்டாஞ்சேனையில் எங்கள் பிளாட்டின் மூன்றாம் மாடியில் கொன்ஸ்ரன்ஸ் அக்கா தனியாக இருக்கிறார். நான் அவருக்கு நேர் கீழ்வீடு. அக்கா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவர். கலியாணம் கட்டவில்லை. சொந்தம் என்று சொல்ல ஒரே தம்பி, டிலான். மெல்பேர்ணில் என்ஜினியர். கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் “எப்படி இருக்கிறாய்?” என்று அக்காவிடம் கேட்க அவனுக்கு வாய் வராது. யாராவது பிழை விட்டால் மட்டும் திருத்துவதற்கு ஓடிவருவான்.

பென்ஷன் எடுத்தபின் பொழுது போகாமல், மருதானையில் ஒரு நடைபாதைக் கடையில் பள்ளிப் பிள்ளைகளின் ஓ/எல் பரீட்சைக் கணித வினாத்தாள் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார் அக்கா. அதில் அவருக்குப் பிடித்தது நேர்கோட்டுக் கணக்குத்தான். இரண்டு புள்ளிகளைத் தருவார்கள். கோட்டைக் கீறி, அது எவ்வளவு சரிவாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த எண்ணைத்தான் படித்திறன் என்பார்கள். சின்ன வயதில் இருவரும் ஒரே மேசையில் படித்தபோது அக்கா அதில்தான் பிழை விடுவாராம். தம்பி திருத்துவானாம்.

ஒரு நாள், செய்த கணக்கைப் படமெடுத்து அவனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். மாதக்கணக்காகப் பேச்சில்லாமல் கிடந்தவன் உடனே போன் கோல் எடுத்தான்.

“அக்கா, கோடு கீழ இறங்குது. நீ பிளஸ் போட்டு வச்சிருக்கிறாய். மைனஸ் எல்லே வரும்? உனக்குக் கண் தெரியேல்லையே?”

நன்றாக ஏசிவிட்டு, சந்திக் கடையில் இன்னும் மீன் வைத்த அந்த மாலு பான் போடுகிறார்களா என்று கேட்டானாம். பிறகு மழையைப் பற்றி, அம்மாவின் மீன் குழம்பைப் பற்றி என்று பேச்சு நீண்டுவிட்டது. அன்றைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி அக்கா சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லொத்தர்ச் சீட்டு விழுந்தவர்கள்கூட அப்படிச் சிரிக்கமாட்டார்கள்.

அடுத்த முறை எல்லாம் சரியாகச் செய்து அனுப்பினார். சரி என்பதற்கு ஒரு பெருவிரல் படம் மட்டும் வந்தது. அதற்கடுத்ததற்கும் பெருவிரல். அக்கா ஒன்றும் விளங்காதவர் இல்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் மேலே போனபோது, சரியாக எழுதியிருந்த விடையை அழித்துவிட்டுப் பிழையாக எழுதிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, சரியா இருந்ததை ஏன் அழிக்கிறீங்கள்?”

“சரியா இருந்தா ஆர் கோல் எடுக்கப்போறது?” என்றார்.

பிழை விடுவதும் சும்மா வேலையில்லை. முட்டாள்தனமாக விட்டால் அவனுக்குச் சந்தேகம் வரும். பழைய கொன்ஸ்ரன்ஸ் விடுகிற பிழையாக இருக்க வேண்டும். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்வார். சில ஞாயிறுகள் கோல் வந்தது, ஏச்சும் வந்தது. அந்த ஏச்சில்தான் அக்காவின் வாரம் ஓடியது.

போன மாதம் அக்காவுக்குக் கண்ணில் ஒப்பரேஷன் என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். அவருக்குப் பயம். அதைத் தம்பியிடம் வாயால் சொல்ல வேண்டும், அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை, தன்னிடம் இருந்ததிலேயே சிறந்த பிழையை எடுத்தார். கிராப் தாளில் கிடை அச்சில் ஒரு கட்டத்துக்கு ஒன்று, நிலைக்குத்து அச்சில் ஒரு கட்டத்துக்கு இரண்டு. அதைக் கவனிக்காமல் கட்டங்களை மட்டும் எண்ணினால், இரண்டு வரவேண்டிய படித்திறன் ஒன்று என்று வரும். சின்ன வயதில் இதற்குத்தான் டிலான் மேசையில் குத்திக் கத்துவானாம். “இதுக்கு அவன் பொறுக்கமாட்டான்” என்று சொல்லிக்கொண்டே அனுப்பினார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

போன் ஒருமுறை சத்தம் போட்டு அடங்கியது. பெருவிரல்.

அவன் கணக்கைப் பார்க்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த விரல் கையில் அகப்பட்டிருந்தால் முறித்திருப்பேன்.

“நீங்களே எடுத்துக் கதையுங்கோவன் அக்கா. ஒப்பரேஷன் எண்டு சொல்லுங்கோ.”

“எடுத்து என்னத்தைச் சொல்லுறது? பிழை இருந்தாத்தான் அவனுக்குக் கதை வரும். வருத்தமெண்டா அவனுக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியாது, பாவம்.”

பாவமாம். எனக்கு அழுகைதான் வந்தது. அக்கா அழவில்லை. ரப்பரை எடுத்து, ஒன்று என்றிருந்ததை அழித்தார், இரண்டு என்று எழுதினார். பிழையை அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை. அதையும் படமெடுத்து, “முந்தி அனுப்பினது பிழை, இதுதான் சரி” என்று எழுதி அனுப்பினார்.

அதற்கும் ஒரு பெருவிரல் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன்.