கோயிலுக்குத் துணைபோன நாத்திகன்

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போன நாத்திகன் அந்தக் காலத்துப் பினாங்கில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. தலையெழுத்து என்று சொல்லலாம் என்றால், அதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் முனிசிபாலிட்டியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். விடியற்காலைப் பெரட்டில் தெருக் கூட்டுகிறவர்களையும் சாக்கடை வழிக்கிறவர்களையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என் வேலை. சாயங்காலமானால் ஒரு தையல்கடையின் மாடியில் ஏழெட்டுப் பேர் சங்கமாகக் கூடுவோம். சாமி இல்லை, சாதி இல்லை, மனிதன்தான் எல்லாம் என்று பேசுவோம். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதியை எல்லோருமே வெட்டி எறிந்திருந்தோம். அவ்வப்போது திடலில் மேடை போட்டும் பேசுவோம். கைதட்டல் வரும், சில நாள் கல்லும் வரும். எனக்கு அப்போது இரண்டுமே பிடித்திருந்தது.

பெரட்டில் வந்து நிற்கும் பெண்களில் ஒருத்தி இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். மூன்றாவது பெண் பிள்ளை பிழைத்துக் கிடந்தால் கோயிலில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் நாலு வயதாகியும் முடி இறக்க முடியவில்லை. அவர்களுடைய சாதியைக் கோயிலுக்குள் விடுவதில்லை. தெருவில் நின்று கும்பிடலாம். சூடம் வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். கப்பலின் மேல்தட்டில் எல்லோரும் ஒருவர் காலில் ஒருவர் தலை வைத்துப் படுத்துத்தான் இந்த ஊருக்கு வந்தோம். இறங்கிய கையோடு ஒரு கோயிலைக் கட்டி, யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் முடிவு செய்துவிட்டோம்.

பிள்ளையின் தலை சடை பிடித்து, பேன் மண்டி, புண்ணாகியிருந்தது.

“வீட்டுலயே வெட்டிவிட்டா என்ன தங்கச்சி?” என்று கேட்டேன்.

“ரெண்டு போயிருச்சு அண்ணே. இது ஒண்ணாச்சும் எனக்கு இருக்கணும்லா. சாமிகிட்ட குடுக்காம எப்படி வெட்டுறது?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. மேடையில் எத்தனையோ முறை சொன்ன பதில்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் கோயில் கமிட்டிக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன். எட்டு மாதம் போயிற்று. சங்கத்து நண்பர்களுக்கு என் மேல் கோபம். “மூடணும்னு சொல்ற கடைக்கு நீயே ஆள் புடிச்சு விடுறியா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கடைசியில் கமிட்டிச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

“கமிட்டி ஒத்துக்கிச்சு. ஆனா பொறுப்புள்ள சாதி இந்து ஒருத்தர் கூட வரணும். குளிச்சிருக்காங்க, குடிக்கலைன்னு அவருதான் சொல்லணும். நீங்களே வாங்களேன்.”

“நான் சாதியை விட்டுப் பல வருஷம் ஆச்சே.”

“முன்னால இருந்துச்சுல்ல? போதும்.”

“சாமியும் கும்பிடுறதில்லை.”

“அதை யாரு கேட்டா?” என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதை யாரும் கேட்கவில்லை. உயிருக்கு உயிராக நம்புகிறவளைத் தெருவில் நிறுத்தி, துளியும் நம்பாதவனை வாருங்கள் என்று அழைக்கிறார்கள். மதத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இந்த ஒரு விஷயம் இத்தனை தெளிவாக இல்லை.

வேறு யாராவது துணைக்கு வருவார்களா என்று கேட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் அந்த வெள்ளிக்கிழமைக்கென்று வேலை இருந்தது. நானே போனேன். குளித்து, சட்டையைக் கழற்றி, பல வருஷத்துக்குப் பிறகு நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்கட்டில் பிள்ளைக்கு முடி இறக்கினார்கள். அது ஊரைக் கூட்டுவது போலக் கத்தியது. சந்நிதியில் குருக்கள், சாமி கழுத்திலிருந்த மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார். அவள் இரண்டு முழம் பின்னால் நின்றாள். அவள் உள்ளங்கையில் திருநீறு உயரத்திலிருந்து விழுந்தது.

மாலையைக் கழற்றி அந்தப் பிள்ளையின் கழுத்தில் போட வேண்டும் என்று கை துடித்தது. போட்டிருந்தால் தகராறு வந்திருக்கும். அவர்களைத்தான் வெளியே தள்ளியிருப்பார்கள். அவள் கண்ணை மூடி நின்றாள், அழுதுகொண்டிருந்தாள். நான் மாலையோடு அப்படியே நின்றேன். வாழ்க்கையில் அத்தனை வெட்கப்பட்டதில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமைப் பெரட்டில் அவள் கேட்டாள்: “இன்னைக்கு எத்தன மணிக்கு அண்ணே வருவீங்க? ஒரு விளக்கு போடணும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உத்தரவு அவளுக்கு இல்லை. என்னோடு வரும் அவளுக்கு. நான் வராவிட்டால் அவள் பழையபடி தெருவில்தான் நிற்க வேண்டும்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. சங்கத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். கோயிலில் என்னைப் பெரிய பக்திமான் என்று மரியாதை செய்தார்கள். நான் தேநீர் குடிக்கும் கடையின் முதலாளி தமிழ் முஸ்லிம். அவர் கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ்தான். அவர் சிரித்துக்கொண்டே, “வெள்ளிக்கிழமையானா எனக்குப் பள்ளி, உனக்குக் கோயில். நாமதான்லா தம்பி இந்த ஊர்ல நல்ல மனுசங்க!” என்பார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் சலித்துப் போயிருந்தேன். கமிட்டிக்கு மேலும் மூன்று கடிதம் எழுதினேன். துணை இல்லாமலே அவர்களை விடுங்கள் என்று கேட்டேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை, சொல்லி அனுப்பவும் ஆள் இல்லை. அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, நடை சாத்தும்வரை கோயில் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். மழை வேறு பெய்ததாம்.

மறு வாரம் அதே வாசலில் அவளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. “வெளியில நின்னே கும்பிட்டுட்டுப் போயிருக்கலாமே தங்கச்சி. மழையில எதுக்கு நின்ன?” என்றேன்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“முன்னால கும்பிட்டேன். உள்ள போயிட்டு வந்தப்புறம் வெளியில நின்னு கும்பிட வரல அண்ணே. நீங்க வரலன்னா, எனக்கு சாமி இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.”

பத்து வருஷம் தொண்டை கிழியக் கத்தி இந்த ஊரில் ஒருவரையாவது சொல்ல வைக்க வேண்டும் என்று நான் பாடுபட்டது ஏறக்குறைய இதைத்தான். அவள் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எனக்கு ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. அழுகைதான் வந்தது. “நேரமாவுது, வா,” என்று சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் உள்ளே போனேன்.