தும்மப் போகிற பூதம்

பார்சல் ஆபீஸில் அவளுக்குப் பார்க் அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். வேலை என்னவோ வருகிற பெட்டிகளை அளந்து, எடை போட்டு, முகவரிச் சீட்டு ஒட்டி உள்ளே தள்ளுவது. ஆனால் வாயைத் திறந்தால் தீம் பார்க்தான். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய பார்க்குக்குக் கல்யாணமான புதிதில் கணவரோடு போனாள். ரோலர் கோஸ்டரை விட்டு இறங்கியதும் அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். இவளோ, "அந்தக் கடைசி வளைவு இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணுங்க. எதிர்பாக்காத நேரத்துல வந்தாதானே மஜா?" என்று கேட்டாள். பாவம், மனுஷனுக்கு இன்னும் பூமி சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். லீவு கிடைத்தால் போதும், கிளம்பிவிடுவாள். போய் எல்லாவற்றிலும் ஏறுவாள், இறங்குவாள், பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் இறங்கிவரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கே சிரித்தார்கள், எங்கே சப்பென்று போயிற்று என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கொஞ்ச காலத்தில் பார்ப்பதும் போதவில்லை. அவளே ஒரு பார்க்கைக் கட்ட ஆரம்பித்தாள்.

எங்கே என்கிறீர்களா? வீட்டின் பின்னறையில். ஒரு பிளைவுட் பலகையைக் கட்டையின் மேல் போட்டு, ஆபீஸில் வீணாகப் போகிற அட்டையையும் தெர்மாகோலையும் கொண்டுவந்து, வெட்டி ஒட்டி வண்ணம் பூசினாள். கணவர் பல்செட் செய்கிறவர். ஈறு செய்யும் பசையில் மிஞ்சியதை உருட்டி, அரிசி அளவுக்கு மனிதர்களைச் செய்து கொடுத்தார். அதனால் அந்தப் பார்க்குக்கு வந்த ஜனங்கள் அத்தனை பேரும் ரோஸ் நிறம். "என்ன அண்ணி, எல்லாரும் வெந்துபோன மாதிரி இருக்காங்க?" என்று நாத்தனார் கேலி செய்தாள். நாத்தனார் அவர்களோடுதான் இருந்தாள். கேலி செய்வாளே தவிர, பசை ஆறும்வரை பிடித்துக்கொண்டு நிற்பதும் அவள்தான்.

அந்தப் பார்க்கில் என்னென்ன இருந்தது என்று அவள் வாயால் கேட்க வேண்டும். வரிசையில் நின்று கால் கடுக்க வேண்டாம். வரிசையே ஒரு குட்டி ரயில், உட்கார்ந்தபடி ஊர்ந்து போகலாம். மழைத் தெரு என்று ஒன்று. சுற்றிலும் கொட்டோ கொட்டென்று கொட்டும், நடக்கிறவர் தலையில் மட்டும் ஒரு சொட்டு விழாது. பார்சல் பயணம் என்று இன்னொன்று. உங்களையே பெட்டியில் உட்காரவைத்து, முதுகில் சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவார்கள், எங்கே போய் இறங்குவீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. "திருப்பி அனுப்பவும்னு முத்திரை குத்தினா?" என்று கணவர் கேட்டார். "அட, நல்லா இருக்கே!" என்று அதையும் சேர்த்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் தலை, தூங்குமூஞ்சி பூதம். பலகை போதவில்லை என்று இன்னொரு பலகை வாங்கி, திருகாணி போட்டு இணைத்து, இரண்டுக்கும் நடுவே இணைப்பின் மேலேயே அவனைப் படுக்கவைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் மரங்கள் முளைத்த ஒரு குன்று, அவ்வளவுதான். கிட்டே போனால்தான் மூக்கு தெரியும், தொப்பை தெரியும். அவன் மூச்சை இழுக்கும்போது ரயில் மூக்குக்குள் போகும். தொண்டை வழியாக வயிற்றில் இறங்கி, அவன் என்னென்ன தின்றானோ அதையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே ஏறும். மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று நின்றுவிடும். பூதத்துக்குத் தும்மல் வரப்போகிறது. இதோ வருகிறது, வருகிறது... வந்தால் ரயில் வானத்தில்தான்! இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. தொண்டை, வயிறு, உள்ளே தின்றுபோட்ட கப்பல், கடிகாரக் கோபுரம் எல்லாவற்றையும் வண்ணத்தோடு செய்து முடித்த பிறகுதான் மேல்பக்கத்தை மூடினாள். "மூடிட்டா யாருக்கும்மா தெரியும்?" என்றார் கணவர். "ரயில்ல போறவங்களுக்குத் தெரியுமே!" என்றாள்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. ரசிகர்கள் தங்கள் கனவுப் பார்க்கைச் செய்துகொண்டு வரலாம், அதிலிருந்து ஒரே ஒரு ரைடைத் தேர்ந்தெடுத்து நிஜமாகவே கட்டுவோம் என்று பெரிய பார்க் சொன்னது. இவள் படம் எடுத்து அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரியோடு வரச் சொல்லி போன் வந்தபோது, பார்சல் ஆபீஸில் எடை மேடை மீதே ஏறிக் குதித்தாள். ஒரு ரைடு! அவள் மூளையில் பிறந்த ஒன்றில் முன்பின் தெரியாத ஜனங்கள் ஏறி அலறப்போகிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு பிறவிக்கு?

சனிக்கிழமை மத்தியானம் மேல்வீட்டுத் தச்சர் தன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கி, அறைக் கதவுவரை வந்தார்கள். அங்கேயே நின்றார்கள். நேராகப் போகவில்லை. சாய்த்தால் பூதத்தின் தொப்பை கதவு நிலையில் இடித்தது. ஜன்னலில் கம்பி. தச்சர் ஒரு முறை கதவைப் பார்த்தார், ஒரு முறை பலகையைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ பார்சல் ஆபீஸ்லதானே வேலை பாக்கற?"

தினமும் எத்தனை பேரிடம் "இது போகாதுங்க, பெரிசு" என்று கண்ணாலேயே அளந்து சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்! அப்படிப்பட்டவள் தன் வீட்டுக் கதவை மட்டும் அளக்கவில்லை. நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் தானாக அடங்கிவிட்டது. பார்க் அக்கா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"நிலையைப் பேத்துடலாம். அப்புறம் நான் சரி பண்ணித் தரேன்," என்றார் தச்சர்.

"வாடகை வீடு அண்ணா! வீட்டுக்காரர் நம்மளைப் பேத்துடுவார்," என்றார் கணவர்.

வேறு வழி இல்லை. பலகையைத் திருகாணி கழற்றிப் பிரித்துவிடலாம். ஆனால் இணைப்பின் மேல் பூதம் படுத்திருக்கிறானே! அவனை மூக்கிலிருந்து கால்வரை இரண்டாகப் பிளக்க வேண்டும். அவள் போய் அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்து, அவளே கோடு போட்டாள்.

"ஆனது ஆகட்டும். ரம்பம் வேண்டாம், தெர்மாகோல் பொடிப்பொடியா உதிரும். நீங்க கம்பியைச் சூடு பண்ணுங்க," என்றாள் கணவரிடம்.

அவர் மெல்லிய கம்பியைச் சூடாக்கி இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். நாளெல்லாம் பல்லும் ஈறுமாய் மில்லிமீட்டர் கணக்கில் செதுக்குகிறவர், இன்றைக்குப் பென்சில் கோட்டை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டார். "மூக்கு நடுவுல போங்க, மூக்கு நடுவுல!" என்று அவள் பக்கத்திலிருந்து உயிரை எடுத்தாள். கம்பி கீழே இறங்கிற்று. தச்சர் திருகாணியைக் கழற்றினார். பூதம் இரண்டு பாதியாகக் கதவைத் தாண்டிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கின் பெரிய கூடத்தில் நுழைந்ததும் அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. ஒருவர் மாதிரியில் விளக்கு சுழல்கிறது, இன்னொருவர் மாதிரியில் மோட்டார் வைத்து ரயிலே ஓடுகிறது. இவளுக்கோ இரண்டு துண்டு தெர்மாகோல். முடிந்தவரை சேர்த்து ஒட்டிவிடலாம் என்று டேப்பைக் கையில் எடுத்தாள். அதற்குள் அந்தப் பக்கமாக வந்த பெண்மணி ஓடியே வந்துவிட்டார். கழுத்தில் அட்டை, ரைடுகளைக் கட்டும் இன்ஜினியர்.

"இருங்க இருங்க, மூடாதீங்க! ஐயோ, உள்ள கப்பல் இருக்கு! இதென்ன, கோபுரமா? இதையும் தின்னுட்டானா?"

பிளந்து கிடந்த வயிற்றுக்குள் தலையை விட்டே பார்த்தார் அவர். படத்தில் இவள் அனுப்பியது வெறும் பச்சைக் குன்று. உள்ளே இத்தனை இருப்பது இப்போதுதான் தெரிகிறது. பார்க் அக்காவுக்கு உற்சாகம் பீறிட்டுக்கொண்டு வந்தது. டேப்பை வீசிவிட்டு, விரலாலேயே ரயிலை ஓட்டிக் காட்டினாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. காபிக் கோப்பையோடு நின்றிருந்த பார்க் மேனேஜர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா உச்சத்துல கொண்டுபோய் வண்டியை நிறுத்தறீங்களே? ஜனங்க மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனப்பாங்க. ஒண்ணுமே நடக்காத இடத்துல என்ன மஜா இருக்கு?"

இன்ஜினியரும் யோசனையாகத் தலையசைத்தார். போச்சு! அந்த நிற்கிற இடம்தானே ரைடின் உயிர்? அதை எடுத்துவிட்டால் அது இன்னொரு ரோலர் கோஸ்டர், அவ்வளவுதான். வாயால் எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினாள். மூக்கைச் சுளித்தாள்.

"ஹா..."

பக்கத்து மாதிரிக்காரர் பேச்சை நிறுத்தினார்.

"ஹா... ஹா..."

தலை பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது. இன்ஜினியர் ஓரடி தள்ளி நின்றார். கணவர் அவசரமாகக் கைக்குட்டையைத் தேடினார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் அப்படியே நின்றாள். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து மேனேஜரைப் பார்த்தாள்.

"கோப்பையை ஏன் சார் கையால மூடினீங்க? நான் இன்னும் தும்மவே இல்லையே!"

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். ஆமாம், மூடித்தான் இருந்தார். முதலில் சிரித்தவர் அவர்தான். அப்புறம் கூடமே சிரித்தது. "ஒண்ணும் நடக்கலையே மேடம், எதுக்குத் தள்ளிப் போனீங்க?" என்று யாரோ இன்ஜினியரைக் கேட்டார்கள். மேனேஜர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, இன்ஜினியரைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் கணவரின் சட்டைக் கையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

இன்ஜினியர் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"கட்டறோம். அந்த நிக்கற இடத்தோட சேர்த்துத்தான் கட்டறோம். நீங்களும் கூட வந்து உட்காந்து சொல்லணும்."

பார்க் அக்கா கத்தினாள். கணவரைப் பிடித்து உலுக்கினாள், நாத்தனாரைக் கட்டிக்கொண்டு குதித்தாள், நாற்பது வயதைத் தாண்டியவள் என்று யார் சொல்வார்கள்? சந்தோஷத்தில் கண்ணீர் கொட்டிற்று.

"உள் அளவெல்லாம் எடுக்கணும். ஒரு பாதியை மட்டும் எங்ககிட்ட விட்டுட்டுப் போக முடியுமா?" என்று இன்ஜினியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், தெரியுது."

அவள் பூதத்தைப் பார்த்தாள். நேற்று நெற்றியில் கை வைத்தபடி அவள் நின்றதைப் பார்த்த கணவர், என்ன சொல்வாளோ என்று அவள் முகத்தையே பார்த்தார். அவள் குனிந்து ஒரு பாதியை இழுத்து மற்றதோடு சேர்த்து வைத்தாள்.

"ரெண்டையும் எடுத்துக்குங்க. பாதி மூக்கை வச்சுக்கிட்டு அவன் எப்படிங்க தும்முவான்?"