திருவரங்குளத்து ஒட்டகமும் மூன்று வால்முள்ளும்

எங்கள் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் சென்ற மாதம் இந்தப் பத்திரிகையில் எழுதியது பொய். திருவரங்குளத்தில் இறந்த ஒட்டகத்தின் வயிற்றில் புதிய நுண்ணுயிர் ஒன்றைக் கண்டாராம். அது ஒட்டகத்துக்கே உரிய தனி இனமாம். அதற்குப் படம் வரைந்தவன் நான். அதனால்தான் நேரில் போய்ப் பார்த்தேன்.

காலை ஆறரைக்குத் திருச்சியில் கரிவாயுவில் ஓடும் பஸ். புதுக்கோட்டைக்கு முப்பத்துமூன்று மைல், பன்னிரண்டு அணா. கீரனூரில் எங்களை இறக்கிவிட்டுக் கரி அடுப்பைக் கிளறினார்கள். பத்தரைக்குப் புதுக்கோட்டை. அங்கிருந்து திருவரங்குளத்துக்கு ஐந்து மைல் ஜட்கா வண்டி, ஆறு அணா.

கால் நொண்டியென்று சர்க்கஸ்காரர்கள் விட்டுப்போன ஒட்டகத்தை ஓராண்டு வளர்த்தவர் அந்த ஊர் மாட்டுவண்டிக்காரர் சுப்பையா.

"செத்து ரெண்டு மாசமாச்சு. இப்பத்தான் துக்கம் கேக்க வாரீங்களா?" என்றார்.

"ஒட்டகத்தை எதோட சேத்துக் கட்டியிருந்தீங்க?"

"இந்தா நிக்கிறானே, இவனோடதான்." காளையைக் காட்டினார். "வந்த புதுசுல ஒட்டகம் எலையை மோந்துகூடப் பாக்கலைங்க. அசையும் போடலை. இவன் அசைபோடுறப்ப வாய்க்குள்ள கையவிட்டு, அந்த உருண்டையை எடுத்து அதுக்கு ஊட்டினேன். நாலாம் நாளு கருவ எலையை ஒடிச்சுத் தின்னுச்சு. அசை நின்னுபோன மாட்டுக்குச் செய்யிறதுதானுங்களே."

"ஒட்டகத்து வயித்துல இருந்ததைப் பாட்டில்ல பிடிக்க வந்த பேராசிரியர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவரு மூக்கைப் பொத்திக்கிட்டு அங்கிட்டு நின்னாருங்க. கேட்டாத்தானே சொல்ல."

காளையின் வாயிலிருந்து நானும் ஓர் உருண்டை எடுத்துப் பார்மலின் பாட்டிலில் போட்டேன். விரல் கடைவாயில் நசுங்கியது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பாட்டிலைப் பார்த்து, "மாவடுங்களா?" என்றார். காளை மென்றது என்றேன். எழுந்து முன்னால் போய்விட்டார்.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தேன். அதே உயிர். நீண்ட உடல், வாயோரம் மயிரிழைகள், உள்ளே தகடுகள். வாலில் மட்டும் வேறுபாடு: முள் இல்லாதது, ஒன்று உள்ளது, இரண்டு, மூன்று, எல்லாம் ஒரே துளியில். ஒட்டகத்துப் பாட்டிலிலும் அப்படித்தான் இருந்தது. நான்கு வகையையும் வரைந்து கொடுத்திருந்தேன். அவர் மூன்று முள் படத்தை மட்டும் அச்சிட்டு, அந்த முள்ளை வைத்தே இனம் பிரித்துவிட்டார். ஒட்டகத்தில் அது இல்லையென்று நான் சொல்லவில்லை. காளையின் உருண்டையோடு அதற்குள் போனதை, ஒட்டகத்துக்கே உரியது என்பதுதான் பொய்.

இது பாடப்புத்தகத்தில் ஏறப்போகிறதாம். மாணவர்கள் என் படத்தைப் பார்த்துத் தவறாகப் படிப்பார்கள். பேராசிரியர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட வேண்டாம். இதே பத்திரிகையில் பதில் எழுதட்டும்: மற்ற மூன்று படங்கள் எங்கே? பக்கத்தில் நின்ற காளையை ஏன் பார்க்கவில்லை?