ஐந்து ஐந்தாகப் போட்ட தெரு

எனக்கு ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாது. அப்படிப்பட்டவளை வீடு வீடாக உட்கார்ந்து கேள்வி கேட்கிற வேலைக்கு எடுத்தது அவர்கள் தப்பு, போனது என் தப்பு. ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கெடுப்பு அது. பரங்கிப்பேட்டையில் மக்களுக்கு உடம்பு எப்படி, வாழ்க்கையில் திருப்தியா, ஆத்திர அவசரத்துக்கு ஓடி வர ஆள் உண்டா என்று கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் குறைந்த தெருக்களுக்கு மருத்துவ முகாம் வரும்.

திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, முட்லூரில் மாறி, வெயில் ஏறுவதற்குள் போய்விடுவேன். எனக்கு ஒதுக்கிய தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். பெண்கள் வாய் நிறையக் கூப்பிட்டு, டீயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள். உடம்பு எப்படி என்றால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கேன்." வாழ்க்கை? "அல்ஹம்துலில்லாஹ்." தூக்கம்? அதற்கும் அதே இறைவன் புகழ்தான். நானும் டேப்லெட்டில் ஐந்து, ஐந்து என்று தட்டிக்கொண்டே போனேன். கடைசி வீட்டு அக்கா நாற்காலியை விட்டு எழவே இல்லை. புடவையைப் பாதம் மூட இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீயைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்தான் கொண்டுவந்தாள். 'அக்கம்பக்கத்து உதவி' என்ற கேள்விக்கு அதையே சாக்காக வைத்து இன்னொரு ஐந்து போட்டேன். பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து முகாம் பட்டியல் வந்தது. அந்தத் தெரு அதில் இல்லை. நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அம்மா ஒரு கையால் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி பெண்ணாடத்து மாமாவிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். "எனக்கென்னடா, நல்லாதான் இருக்கேன்." காலையில்தான் மாடிப்படி ஏற முடியாமல் அழுதவள். எனக்குச் சுருக்கென்றது. மரியாதைக்குச் சொல்கிற பதிலுக்கெல்லாம் உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

மறுநாள் வேறு ஊர்க் கணக்கெடுப்புக்குப் போக வேண்டியவள் நேராக அந்தக் கடைசி வீட்டுக்குப் போனேன். இந்த முறை நல்லா இருக்கீங்களா என்று கேட்கவில்லை.

"அக்கா, கடைசியா எப்ப கடைத்தெருவுக்குப் போனீங்க?"

"அது ஆச்சு, நோன்புப் பெருநாளைக்கு முன்னாடி."

"ஏன் போறதில்ல?"

"கால்ல சின்னப் புண்ணும்மா. சுகர் இருக்குல்ல, ஆற மாட்டேங்குது."

காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். பிடிவாதமாகத் தரையில் உட்கார்ந்து புடவையை நானே விலக்கினேன். இடது கால் கட்டைவிரல் கறுத்துப்போயிருந்தது. பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"இத ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நல்லாருக்கியான்னு வீடு தேடி வந்து கேக்குற புள்ளைகிட்ட இல்லன்னா சொல்லுவாங்க? துபாய்லேர்ந்து அவுங்க கேட்டாலும் இதான் சொல்லுவேன். படைச்சவன் மேல கொற சொன்ன மாதிரி ஆயிடாது?"

பக்கத்து வீட்டுப் பெண் அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். மூவரும் சிதம்பரம் போனோம். வழியெல்லாம் டிரைவரை விரட்டிக்கொண்டே இருந்தேன், ஒரு மாதம் சும்மா இருந்தவள்.

டாக்டர் விரலை எடுக்க வேண்டும் என்றார். "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இதுவரைக்கும் யாருமே வந்து பாக்கலியா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாக்காம என்ன டாக்டர்? இந்தப் பொண்ணு வீட்டுக்கே வந்து கேட்டுச்சு. நான்தான் நல்லாருக்கேன்னு சொல்லி ஏமாத்திட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.