தனி அறை பெற்ற இருதயராஜ்

பழைய கோப்புகளை நகலெடுக்கும் ஸ்கேனரைக் கூடத்திலிருந்து முற்றத்துக்கு அப்பாலுள்ள கொல்லைப்புற அறைக்கு மாற்றுவதென்று, கள்ளக்குறிச்சியில் உள்ள எங்கள் அலுவலகம் நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒருமனதாகத் தீர்மானித்தது. அதன் சத்தம் ஊழியர்கள் பேசிக்கொண்டிருப்பதற்கு இடையூறாக இருந்தது. அதை இயக்குபவரும் கூடவே போவார் என்பதைத் தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை.

அதை இயக்கிவந்த இருதயராஜ் சென்ற மாதம் காலமானார். அவர் அறையில் மயங்கிக் கிடப்பதாக உதவியாளர் ஓடிவந்து சொன்னபோது, "எந்த அறை?" என்று கேட்டோம்.

பணிக்காலத்தில் பாதியை மலைமேல் உள்ள கரியாலூர்க் கிளையில் கழித்தவர். "மலையில பனி எறங்கிச்சுன்னா எதிர் சீட்டு ஆளே தெரியாதுங்க. பேசிக்கினேதான் வேலை பாப்போம். பேச்சு நின்னா ஆளு வூட்டுக்குப் போய்ட்டார்னு அர்த்தம்" என்பார். மாறுதலாகிக் கீழே வந்த பிறகும் அப்படித்தான் வேலை பார்த்தார். எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அன்றைக்கு என்ன குழம்பு என்பது அவருக்குத் தெரியும்.

அறை மாறிய சில நாட்களில் கண்காணிப்பாளரிடம் வந்து நின்றார்.

"மிஷினு அங்கியே இருக்கட்டும் சார். எனக்கு இங்க ஒரு மூலை போதும். அங்க ஒரு மாதிரியா இருக்குது."

"உங்களுக்கு இன்னாங்க, தனி ரூமு! கலெக்டருக்கு அடுத்து நீங்கதான்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

மதியம் சாப்பிட மட்டும் கூடத்துக்கு வந்தார். அவருடைய நாற்காலியில் கோப்புகள் குவிந்திருந்ததால் நின்றபடியே சாப்பிட்டார். பிறகு அதற்கும் வருவதில்லை. அவர் ஸ்கேனருடன் பேசுகிறார் என்று உதவியாளர் சொன்னது நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சட்டை தொளதொளத்தபோது, உடம்பைக் குறைத்துவிட்டதாகப் பாராட்டினோம். "இருக்கிற இடமே தெரியாம வேலை செய்யறாரு, அவரப் பாத்துக் கத்துக்கங்க" என்று கண்காணிப்பாளர் கூட்டத்தில் புகழ்ந்தார். அந்தக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட மறந்திருந்தோம்.

மருத்துவமனையில் பக்கவாதம் என்றார்கள். இறப்பைச் சொல்ல வந்த மருத்துவர் எங்களிடம், "தூக்கமில்ல, பேச ஆளில்லன்னு மாசக்கணக்கா எங்க மனநலப் பிரிவுக்கு வந்துக்கினு இருந்தாரு. பிரஷர் மாத்திரையையும் நிறுத்திட்டாரு. ஆபீஸ்ல அவருக்கு நெருக்கமானவங்க யாரு?" என்று கேட்டார்.

"எல்லாருமே நெருக்கந்தான் டாக்டர்" என்றார் கண்காணிப்பாளர்.

மருத்துவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒரு முற்றத்துக்கு அப்பால் ஒரு மனிதர் இவ்வளவு தூரம் போயிருந்தார் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அடக்கம் சொந்த ஊரான மூங்கில்துறைப்பட்டில் நடந்தது. சவ ஊர்வலம் வந்தபோது, கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையாக ஓரங்கட்டி நின்றன. போய்வாருங்கள், இருதயராஜ். உங்களுக்காக அன்று நின்றவர்களில் பெரும்பாலோர் உங்களை அறியாதவர்கள்.

கல்லறைத் தோட்ட வாசலில் கண்காணிப்பாளர் இருதயராஜின் மகள் ஜெனிபரிடம் ஆறுதல் சொன்னார்: "கவலப்படாதம்மா. கருணை அடிப்படையில உனக்கு வேலை உறுதி. அப்பா ரூமையே உனக்குக் குடுத்துடலாம்."

"அப்பா வூட்லகூட பேசறத நிறுத்திட்டாருங்க" என்றார் அந்தப் பெண்.

ஜெனிபர் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை.