எலும்போடு ஓடியவள்

தும்பிக்கு உட்காரத் தெரியாது. ஒன்பதாவது மாதத்தில் எழுந்து நின்ற பிள்ளை, அதற்கப்புறம் உட்கார்ந்ததாக வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. சாப்பாடு நின்றுகொண்டே, பாடம் நடந்துகொண்டே. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். இப்படிப்பட்டவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது தெருவே மூக்கில் விரல் வைத்தது. ஆனால் கல்லூரிக்குப் போன பத்தாவது நாளே தொடர் ஓட்ட அணியில் சேர்ந்துவிட்டாள் என்றபோது ஒருத்தருக்கும் ஆச்சரியம் இல்லை. நாலு பேர் ஓடும் ஓட்டத்தில் கடைசி நூறு மீட்டர் இவளுடையது.

அவளுடைய அப்பா அதே கல்லூரி ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். பத்தொன்பது வருஷமாக ஒரே முக்காலி, ஒரே பெட்டி. மனுஷர் மகா கறார். கதவைத் திறப்பார், மனசுக்குள் பத்து எண்ணுவார், சாத்திவிடுவார். "ஒரு நிமிஷம்பா, ஃபைலை மறந்துட்டேன்" என்று தலைமை டாக்டரே கெஞ்சியபோதும் பத்து எண்ணிச் சாத்தியவர் அவர். கேட்டால், "உள்ள நிக்கிறவங்களுக்குத்தான் சார் லிஃப்ட்" என்பார். பெற்ற மகளுக்கும் அதே பத்துதான். எத்தனையோ நாள் அவள் படியேறித்தான் வகுப்புக்குப் போயிருக்கிறாள்.

இப்போது வம்பு எங்கே வந்தது என்றால், எலும்பில். முதல் வருஷ உடற்கூறு பாடத்தில் எலும்புத் தேர்வு இரண்டு முறை வைத்தார்கள், இரண்டிலும் தும்பி கோட்டை விட்டாள். எலும்பு மேடம் என்று பிள்ளைகள் கூப்பிடும் பேராசிரியை அப்பாவை வரவழைத்து ஒரு கடிதம் எழுதி வாங்கிவிட்டார். மூன்றாவது தேர்விலும் தோற்றால் என் மகள் மைதானத்துப் பக்கம் போகமாட்டாள் என்று அதில் இருந்தது. அப்பா யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். மகள் ஓடி அவர் பார்த்ததே கிடையாது. அவள் மைதானத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவர் பெட்டிக்குள் அல்லவா இருந்தார்!

வியாழக்கிழமை தேர்வு. சனிக்கிழமை கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி. வியாழன் போனால் சனியும் போச்சு, அதற்கப்புறம் வருகிற எல்லாச் சனியும் போச்சு.

இதற்கிடையில் பயிற்சியாளர் வேறு தன் பங்குக்குப் படுத்தினார். அணிக்கு ஓட்டம் நன்றாக இருந்தது, குச்சி மாற்றுவதில்தான் சொதப்பல். மூன்றாவது ஆளான நெட்டை பின்னாலிருந்து குச்சியைக் கொடுக்க வேண்டும், தும்பி திரும்பிப் பார்க்காமல் இடது கையைப் பின்னால் நீட்டி வாங்க வேண்டும். நெட்டையும் தும்பியும் ஒரே வகுப்பு, ஒரே மேசை, ஆனாலும் அந்தக் கைமாற்று மட்டும் ஒட்டவே மாட்டேன் என்றது.

"கையில பட்டதும் கால் போயிடணும். நடுவுல மூளைய கேக்காத. மூளை லீவு போடட்டும்" என்றார் பயிற்சியாளர். நெட்டையிடம் திரும்பி, "இந்த வாரம் முழுக்க இவ கையில எதையாவது திணிச்சுக்கிட்டே இரு" என்றார்.

நெட்டை சொன்னதைச் செய்கிற ரகம். கேன்டீன் வரிசையில் பின்னாலிருந்து கரண்டி. நூலகத்தில் சுருட்டிய நோட்டு. பஸ் ஸ்டாப்பில் குடை. கையில் பட்ட மறு நொடி தும்பி பறந்தாள். செவ்வாய்க்கிழமைக்குள் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. புதன்கிழமை காலை, அடுப்பில் கண்ணாக இருந்த அம்மா, "இதக் கொஞ்சம் பிடிடி" என்று பூரிக்கட்டையைப் பின்பக்கமாக நீட்டினாள். அவ்வளவுதான், திரும்பிப் பார்த்தால் மகளும் இல்லை, கட்டையும் இல்லை. தெருமுனையில் தையல்கடைக்காரர்தான் மடக்கி, "ஏம்மா, வீட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார்.

நெட்டை இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். "நாளைக்குத் தேர்வு, இன்னைக்கு மட்டும் வேண்டாம்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் தோன்றவில்லை.

ஏனென்றால் எலும்பு மேடத்தின் தேர்வு எப்படித் தெரியுமா? மாணவர் மேசைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையைப் பின்னால் நீட்ட வேண்டும். மேடம் ஒரு எலும்பை வைப்பார். தடவிப் பார்த்தே என்ன எலும்பு, எந்தப் பக்கத்து எலும்பு என்று சொல்ல வேண்டும். எலும்புக்கு ஒரு நிமிஷம், மேசைமேல் டைமர். "நோயாளி தோலைக் கழட்டி வெச்சுட்டா வருவான்? விரலுக்குத் தெரியணும்" என்பது மேடத்தின் கட்சி.

வியாழக்கிழமை தும்பியின் முறை வந்தது. மூன்று எலும்பு. முதலாவதை மேடம் மெல்ல வைத்தார். காறை எலும்பு, வலது. சரி. இரண்டாவது ஒரு முதுகெலும்புத் துண்டு, உள்ளங்கையில் அடங்கியது. அதுவும் சரி. தும்பிக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒன்று! ஒன்றே ஒன்று! வாசலில் நின்ற நெட்டை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள், இவள் கண்ணை மூடியிருக்கிறாள் என்பதுகூட மறந்து.

மேடத்துக்கு அவசரம், இன்னும் முப்பது பேர் வரிசையில். மூன்றாவது எலும்பை எடுத்தார், டைமரைத் தட்டினார், நீட்டிய இடது உள்ளங்கையில் பட்டென்று வைத்து அழுத்தினார். நீளமாக, உருண்டையாக, ஒரு சாண் இருந்தது.

மூளை லீவில் இருந்தது. கால் போய்விட்டது.

கதவருகே நின்ற நெட்டையைத் தாண்டி, வரிசையில் நின்ற முப்பது பேரையும் தாண்டி, நீண்ட தாழ்வாரத்தில் தும்பி பறந்தாள். யாரோ "நல்லா ஓடு!" என்று பழக்கதோஷத்தில் கத்தினார்கள், அது வேறு யார், நெட்டைதான். தாழ்வாரத்தின் கோடியில் லிஃப்ட் கதவு அப்போதுதான் திறந்தது. முக்காலியில் அப்பா.

வாசலில் வந்துதான் நின்றாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். உள்ளே சலவைத் துணி வண்டியோடு ஒரு ஊழியர், இரண்டு நர்ஸ், கட்டுப்போட்ட காலோடு ஒரு பெரியவர்.

"எந்த மாடி?" என்றார் அப்பா. வாய் தானாகக் கேட்டது.

"அப்பா, நான் தேர்வுல இருக்கேன்பா!"

"தேர்வு அங்கதானே?"

"ஓடி வந்துட்டேன்பா!"

"கையில என்னது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எல்லாம் முடிந்தது, சனிக்கிழமை முடிந்தது, பேசாமல் லிஃப்டுக்குள் ஏறிக் கீழே போய் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் பாருங்கள், மூளைதான் லீவு, விரல்கள் வேலையில் இருந்தன. ஓடும்போதே அவை தடவி முடித்திருந்தன. ஒரு முனையில் காசு மாதிரித் தட்டையான சின்னத் தலை. கொஞ்சம் கீழே ஒரு மேடு. மறுமுனை அகலம், அதில் ஒரு கூர். அது முன்கை எலும்பு, கட்டைவிரல் பக்கத்தது!

"அப்பா, எனக்குத் தெரியும்பா!" என்று கூவிக்கொண்டே திரும்பி ஓடினாள். போனதைவிட வந்த வேகம் அதிகம் என்று நெட்டை இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

மேடம் கையை நீட்டியபடியே நின்றிருந்தார். பாவம், முப்பது வருஷ சர்வீசில் ஒரு எலும்பும் இப்படி ஓடியதில்லை.

"ரேடியஸ்! வலது ரேடியஸ், மேடம்!"

டைமர் ஐம்பத்தாறு காட்டியது, இன்னும் நாலு நொடி பாக்கி. தாழ்வாரமே கை தட்டியது. மேடம் ஒரு பார்வை பார்த்தார், சத்தம் அடங்கிவிட்டது.

"வெளிய போய் எலும்பைப் பார்த்துட்டு வந்து சொல்ற. இது எப்படிம்மா செல்லும்?"

தும்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பார்க்கல மேடம். சத்தியமா பார்க்கல. ஓடும்போது யாராவது குச்சியைப் பார்ப்பாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஓடினதில்ல." மேடம் எலும்புப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "திரும்பி நில்லு. கண்ணை மூடு. ஏய் நெட்டை, இங்க வா. இவ இடுப்பைக் கெட்டியா பிடிச்சுக்கோ."

நெட்டை பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் இன்னொரு எலும்பு, பட்டென்று. தும்பியின் கால்கள் இரண்டடி போய்விட்டன, நெட்டையும் கூடவே வழுக்கிக்கொண்டு போனாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அதே எலும்பு மேடம், இடது பக்கம்!"

அப்போதுதான் அது நடந்தது. எலும்பு மேடம் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோளால், கடைசியில் மேசையைப் பிடித்துக்கொண்டு. கண்ணைத் துடைத்தபடி ஃபைலைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். "பாஸ். அப்பாகிட்ட குடுத்துடு. எலும்பை வெச்சுட்டுப் போ."

தும்பி மறுபடி ஓடினாள், இந்த முறை தெரிந்தே.

தாழ்வாரத்தின் பாதியிலேயே ஒரு சத்தம் கேட்டது. லிஃப்ட் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. கதவு திறந்தே கிடந்தது. அப்பா வாசலில் நின்று, முதுகால் ஒரு கதவையும் காலால் மறு கதவையும் தாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே சலவை ஊழியர் வியர்த்து வழிந்தார். நர்ஸ்கள் முறைத்தார்கள். "என்னப்பா, இன்னைக்குப் பத்து வரவே வராதா?" என்றார் கட்டுப்போட்ட பெரியவர். அப்பா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"பாஸ்பா! இந்தாங்க லெட்டர்."

அவர் கடிதத்தை வாங்கினார், பிரிக்கவில்லை. மகளை ஏற இறங்கப் பார்த்தார், அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல.

"நீ இப்படியா ஓடுவ?"

"ஆமாப்பா."

"தினமுமா?"

"தினமும்தான்."

அவர் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதப் பார்த்திருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்டா" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உள்ளே இருந்தவர்களைப் பார்த்து அதட்டலாகச் சொன்னார்:

"சனிக்கிழமை நான் லீவு. எல்லாரும் படியில ஏறிக்கோங்க."